லிஃப்ட் மெக்கானிக் அடைகாத்த இருபத்தோரு நாள்

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், ஒரு வேளைச் சாப்பாட்டை உட்கார்ந்து முடித்து நான் பார்த்ததில்லை. முதல் வாய் உட்கார்ந்து சாப்பிடுவார். இரண்டாவது வாய்க்குள் எங்கேயோ குழாய் சொட்டுவது அவர் காதில் விழுந்துவிடும். தட்டோடு எழுந்து போவார். மூன்றாவது வாய் குழாயடியில், மிச்சமெல்லாம் ஒரு கையில் ஸ்பானரோடு. கல்யாணமான புதிதில் அக்கா சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு தட்டை விட்டுவிட்டுக் கிண்ணத்தில் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். கிண்ணமென்றால் கையில் எடுத்துக்கொண்டு அலைய வசதி.

சிலரைக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர்கள் என்று சொல்வோம். அத்தானுக்குச் சக்கரம் கையில். மூடியிருக்கிற எதையும் திறந்து பார்க்காவிட்டால் அவர் கை அடங்காது. முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, பேச்சுக்கு நடுவில் எழுந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம். "ஒரு சத்தம் வித்தியாசமா வந்துச்சு" என்றார். அதற்கப்புறம் அதில் எந்தச் சத்தமும் வரவில்லை. நான் அப்போதே அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

வேலை லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கைக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. லிஃப்ட் நடுவில் நின்று யாராவது மாட்டிக்கொண்டால் கம்பெனி முதலில் இவரைத்தான் கூப்பிடும். மற்றவர்கள் சட்டையை மாட்டுவதற்குள் இவர் போய்ச் சேர்ந்திருப்பார். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவர்களோடு பேசிக்கொண்டே வேலை செய்வார். "பயப்படாதீங்க, பக்கத்துலயேதான் இருக்கேன். மேல ஓட்டை வழியா காத்து வருதுல்ல? அப்புறம் என்ன? சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதை சொல்லலாம், உக்காருங்க." ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். உள்ளே அழுதுகொண்டிருந்த வக்கீல் ஒருவர் வெளியே வரும்போது சிரித்துக்கொண்டு வந்தார். குறை சொல்வதற்கு முன்னால் இதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மொட்டை மாடி மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டைத் தளத்துக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். கதவைத் திறப்பது கடைசியில்தான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் அத்தான் அந்த வரிசையைத் தவறவிட்டார்.

மின்சாரம் போய் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. உள்ளே இருந்தது ஒரே ஒருவர். கண் டாக்டரைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்த, அறுபது தாண்டிய ஓர் அம்மா. மோட்டார் அறைச் சாவியோடு வாட்ச்மேன் எங்கேயோ போயிருந்தார். பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார் என்றார்கள். அந்த அம்மாவோ, "மூச்சு முட்டுது, இழுத்து வெளிய விடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். அத்தான் கதவைத் திறந்தார். லிஃப்டின் தரை அவர் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அந்த அம்மாவைக் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்லி, இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் வந்தது. கதவு திறந்திருந்தால் நகரக் கூடாத லிஃப்ட், நகர்ந்தது. ஒரு சாண்தான் நகர்ந்தது. அந்த உலுக்கலில் பிடி நழுவி விழுந்த அந்த அம்மாவுக்கு வலது கால் இரண்டு இடத்தில் உடைந்தது.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அது அத்தானுக்குப் பெரிதாகப் படவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான்கு தடவை போனார். மூன்று தடவை அந்த அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். பழப் பையில் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதி வைத்துவிட்டு வந்தார். நான்காம் தடவை அந்த அம்மாவின் மகன் வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார். "பண்ணினது போதும். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க." அத்தான் வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அவங்க முன்னாடி ஒரு தடவ நிக்கணும். என்னத் திட்டினாலும் சரி. நின்னாத்தான் எனக்கு இது அடங்கும்."

அடங்கவில்லை. வீட்டிலிருந்தது ஒன்றரை மாதம். அந்த ஒன்றரை மாதத்தில் இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, மாடியில் நான் குடியிருக்கும் அறையின் தாழ்ப்பாள், என் சைக்கிள், பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே அவருடைய கேட் எல்லாம் கழற்றி மாட்டப்பட்டன. அக்கா கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலையே கழற்றப் பார்த்தார். "ஆடுது" என்றார். "நீங்கதான் ஆடறீங்க" என்றாள் அக்கா.

நான் தபால் நிலையத்தில் பார்சல் பிரிவில் இருக்கிறேன். அத்தான் என்னைத் 'தபாலு' என்றுதான் கூப்பிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த பார்சல்களுக்கு நடுவில் அவர் பெயர் எழுதிய அட்டைப் பெட்டி ஒன்று வந்தது. நாலு பக்கமும் சிவப்பு மையில், 'முட்டை. குலுக்காதீர்கள். எறியாதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள்.' எங்கள் பிரிவில் உண்மையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். 'உடையும் பொருள்' என்று எழுதியிருந்தால் கொஞ்சம் பக்கத்திலிருந்து எறிவோம், அவ்வளவுதான். அன்று மட்டும் நான் அந்தப் பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் என் மேஜையில் வைத்தேன். சாயங்காலம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "கேக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

உள்ளே மரத்தூளுக்கு நடுவில், ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றிய பன்னிரண்டு முட்டைகள். மேலே ஒரு கடிதம். அக்காதான் படித்தாள். அத்தான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

'மெக்கானிக் அவர்களுக்கு. லிஃப்டில் காலை உடைத்துக்கொண்டவள் எழுதுவது. நான் வளர்த்த கோழிகளை, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று என் மகன் சனிக்கிழமை ஒரு பண்ணைக்குக் கொடுத்துவிட்டான். கறிப் பண்ணை. சாம்பல் நிறம், காலில் இறகு முளைத்த ஜாதி. இருபது வருஷமாக என்னிடம் வம்சமாக வளர்ந்தவை. போவதற்கு முன் இட்ட கடைசி வாரத்து முட்டைகள் இவை. என் கால் சரியாகும்வரை முட்டை காத்திருக்காது. உங்களுக்கு இப்போது வேலை இல்லை என்று கேள்விப்பட்டேன். நேரம் இருக்கும். பொரிக்கும் பெட்டியை நீங்களே செய்துகொள்வீர்கள். எப்படி என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். குஞ்சு வந்தால் நீங்களே கொண்டுவந்து என் கையில் கொடுக்க வேண்டும். வரவில்லை என்றால் வர வேண்டாம். இது என் மகனுக்குத் தெரியாது.'

அக்கா கடிதத்தை மடித்தாள். அத்தான் அதைப் பிடுங்கி மறுபடி படித்தார். 'வரவில்லை என்றால் வர வேண்டாம்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. காலை உடைத்தவருக்குப் போய் முட்டையை அனுப்பி வைக்கிற பெண்மணி எப்படிப்பட்டவராக இருப்பார்? ஒன்று, மனசு பெரிய மனுஷி. இல்லையென்றால் பழி வாங்குகிற ஆள். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பின்பக்கத்தில் இருந்தவை எல்லாமே அத்தானுக்கு ஆகாத விஷயங்கள். தபாலில் குலுங்கி வந்த முட்டையை உடனே சூட்டில் வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் காற்றறை கலங்கிப் போயிருக்கும். கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் முழுக்க அசையாமல் வைக்க வேண்டும். சூட்டில் வைத்த பிறகும் மூன்று நாள் திருப்பக் கூடாது. அப்புறம் ஒரு நாளைக்கு மூன்று தடவை திருப்ப வேண்டும், அதற்கு மேல் தொடக் கூடாது. எண்ணெய்க் கையால் தொடவே கூடாது, ஓட்டின் துளை அடைபட்டு உள்ளே இருப்பதற்கு மூச்சு முட்டும். பதினெட்டாம் நாள் மூடியை மூடினால் குஞ்சு தானாக வெளியே வரும்வரை திறக்கக் கூடாது. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, 'முக்கியமாக நீங்கள்' என்று எழுதியிருந்தது.

இரண்டு முட்டைகள் வழியிலேயே விரிசல் விட்டிருந்தன. எங்கள் ஆட்களின் கைங்கரியம். அதற்கு அத்தான் என்னை முறைத்தார், நான் என்னவோ தபால் இலாகாவையே நடத்துவதுபோல. மீதிப் பத்தையும் அட்டையில் நிறுத்தி வைத்துவிட்டுப் பெட்டி செய்ய ஆரம்பித்தார்.

அந்த ஒரு நாள் அவர் கையைப் பார்க்க வேண்டும். மீன் கடையிலிருந்து தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கி வந்து நான்கு தடவை கழுவினார். உள்ளே இரண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன், சூடு ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் போடுகிற ஒரு கருவி, அடியில் தண்ணீர்த் தட்டு, மூடியில் கண்ணாடி ஜன்னல். முட்டைகளைத் திருப்ப, லிஃப்ட் கதவில் வரும் குட்டி மோட்டாரை வைத்து ஒரு தட்டு செய்தார். பொத்தானை அழுத்தினால் பத்து முட்டைகளும் மெதுவாக ஒரு பக்கம் சாயும். மூன்று தெர்மாமீட்டர் வைத்தார். மூன்றும் மூன்று விதமாகக் காட்டின. அன்று முழுக்க அவற்றோடு சண்டை. கடைசியில் அக்கா காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து கொடுத்து, "இதை நம்புங்க, நம்ம வீட்டுல எல்லாரும் இதாலதான் பிழைச்சோம்" என்றாள். முப்பத்தேழரை டிகிரியில் நின்றது. சனிக்கிழமை மாலை முட்டைகளை உள்ளே வைத்தார். செவ்வாய்க்கிழமை மாலைவரை பெட்டியைத் தொடக் கூடாது.

அந்த மூன்று நாளில் வீடு முழுக்க வெள்ளையடித்து முடித்தார். நான் சும்மா சொல்லவில்லை. என் அறைக்கும் சேர்த்து அடித்தார். நடுநடுவே பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பார், கண்ணாடி வழியாகப் பார்ப்பார், பிரஷ்ஷிலிருந்து சுண்ணாம்பு சொட்டும், அக்கா கத்துவாள், போய்விடுவார். முட்டை முட்டையாகவே இருந்தது. "ஒரு அசைவும் இல்லையே" என்று என்னிடம் வந்து புகார் சொல்வார். "முட்டை என்ன எழுந்து நின்னு சல்யூட் அடிக்குமா, அத்தான்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அவரைச் சிரிக்க வைக்க யாராலும் முடியவில்லை.

ஏழாம் நாள் ஜன்னலையெல்லாம் சாத்தி அறையை இருட்டாக்கிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று முட்டைகளில் ஒன்றுமே இல்லை, வெறும் மஞ்சள் வெளிச்சம். நான்காவதைப் பிடித்ததும் அவர் கை நின்றுவிட்டது. உள்ளே சிவப்பு நூல்கள் கிளை விட்டிருந்தன. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி துள்ளிக்கொண்டிருந்தது. "அக்காவைக் கூப்பிடு, சீக்கிரம்" என்றார். அக்கா வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அத்தானின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்படி ஏழு முட்டைகள். பதினான்காம் நாள் பார்த்தபோது ஒன்றில் உள்ளே ரத்தம் வளையமாக உறைந்திருந்தது, அசைவில்லை. அதை எடுத்துப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்தார். ஆறு மிஞ்சியது.

பதினெட்டாம் நாள் மூடியை மூடினார். சுற்றிலும் டேப் ஒட்டினார். டேப்பின் மேல் அக்கா சிவப்புப் பேனாவால் கையெழுத்துப் போட்டாள், வினாத்தாள் கட்டுக்குச் சீல் வைப்பதுபோல. "கிழிஞ்சிருந்தா யாரு கிழிச்சதுன்னு கேக்கமாட்டேன்" என்றாள். "எனக்குத் தெரியும்."

இருபதாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ஓட்டில் கீறல்கூட இல்லை. உள்ளே இருந்துகொண்டே கத்துகிறது. அத்தான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, தன்னையறியாமல் ஆரம்பித்துவிட்டார். "பயப்படாதீங்க, பக்கத்துலயேதான் இருக்கேன். காத்து வருதுல்ல?" பிறக்காத கோழிக்குஞ்சுக்கு வாங்க, போங்க என்று மரியாதை. நான் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பேசியபோதெல்லாம் அது பதில் கொடுத்தது. அவர் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது.

சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு முட்டைகளில் துளை விழுந்தது. மறுநாள் காலை நான் கீழே இறங்கி வந்தபோது இரண்டு குஞ்சுகள் ஈரத்தோடு தள்ளாடிக்கொண்டிருந்தன. துளையே விழாமல் இருந்த ஒன்று முந்திக்கொண்டு வந்திருந்தது. முதலில் துளை போட்ட இரண்டில் ஒன்றோ, போட்ட துளையோடு அப்படியே கிடந்தது. அலகு நுனி மட்டும் வெளியே தெரிந்தது. கத்தல் இறங்கிக்கொண்டே வந்தது. அத்தான் பேசினார். அது முதலில் மெதுவாகப் பதில் கொடுத்தது, பிறகு கொடுக்கவில்லை.

மணி ஏழு. அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். அறையில் நான் இருந்தேன், ஆகவே இதில் எனக்கும் பங்கு உண்டு. "மூச்சு முட்டுது அதுக்கு" என்றார் அத்தான். அப்போதே தடுத்திருக்க வேண்டும். எனக்கும் அது செத்துவிடும் என்றே தோன்றியது. "எடுத்துடுங்க அத்தான்" என்று சொன்னது நான்தான். டேப்பைக் கிழித்தார். முட்டையைக் கையில் எடுத்து, துளையைச் சுற்றி நகத்தால் ஓட்டை உரித்தார். அவ்வளவு பெரிய விரல்கள் அவ்வளவு மெதுவாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. மூன்றாவது சில்லை எடுத்தபோது சவ்விலிருந்து ரத்தம் வந்தது. கொஞ்சம்தான் வந்தது, ஆனால் நிற்கவில்லை. அந்தக் குஞ்சு சோர்ந்து கிடக்கவில்லை, காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஓட்டோடு ஒட்டியிருக்கும் ரத்தமெல்லாம் உடம்புக்குள் போய்ச் சேர அதற்கு இன்னும் சில மணி நேரம் தேவைப்பட்டிருக்கிறது. கடிதத்தின் பின்பக்கத்தில் இதுவும் எழுதியிருந்தது. அத்தான் உள்ளங்கையில் அது இரண்டு தடவை கழுத்தை நீட்டியது. பிறகு நீட்டவில்லை.

அக்கா ஈரத் தலையோடு வந்து பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. "அதே கை" என்றார். "அதே கைதான் பாரு."

மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு குஞ்சுகள் வந்துவிட்டன. ஒன்பது மணிக்கே துளை போட்டிருந்த ஆறாவது முட்டைதான் வம்பு செய்தது. மூடியைத் திறந்ததால் ஈரமெல்லாம் வெளியே போய், துளை ஓரத்தில் சவ்வு காய்ந்து காகிதம்போல் ஆகிவிட்டிருந்தது. அத்தான் தட்டில் வெந்நீர் ஊற்றி மூடிவிட்டார். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும், அதுதான் வேலை. அறைக்கும் வாசலுக்கும் நடந்தார். படிக்கட்டில் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார். "அந்த ரூமைப் பூட்டிடேன்" என்று அக்காவிடம் கெஞ்சினார். "பூட்டி என்ன பிரயோஜனம்? எந்தப் பூட்டும் உங்களுக்கு ரெண்டு நிமிஷம்" என்றாள்.

திடீரென்று எழுந்து போய்த் தன் கருவிப் பெட்டியைத் திறந்தார். லிஃப்ட் தண்டவாளத்துக்குப் போடும் கறுப்பு கிரீஸ் டப்பாவை எடுத்து, இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை அப்பிக்கொண்டார். எனக்கு முதலில் புரியவில்லை, மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் பிடிபட்டது. எண்ணெய்க் கையால் முட்டையைத் தொட முடியாது. பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் தன் கைக்கே பூட்டுப் போட்டுக்கொண்டார்.

அந்தக் கையோடு அவரால் எதையும் தொட முடியவில்லை. குழாய் சொட்டியது, விட்டுவிட்டார். அக்கா கிண்ணத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்து ஸ்பூனால் ஊட்டினாள். அத்தான் கைகளை முழங்காலில் மலர்த்தி வைத்துக்கொண்டு, முதல் வாயிலிருந்து கடைசி வாய்வரை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார். அக்காவும் துடைக்கவில்லை. நான் அங்கே நிற்பது சரியில்லை என்று தோன்றியதால் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, துளை போட்டு முப்பது மணி நேரம் கழித்து, ஆறாவது முட்டையின் குஞ்சு ஓட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அக்காவும் நானும் பார்த்தோம். இதற்காக ராப்பகலாக அலைந்த மனிதர், பெட்டிக்குக் கீழேயே தரையில் கிரீஸ் கையோடு மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினோம். "போச்சா?" என்றபடிதான் கண்ணைத் திறந்தார்.

ஐந்து குஞ்சுகள். எல்லாவற்றுக்கும் கால் விரல்வரை இறகு.

பத்து நாளாவது வைத்திருந்து கொண்டுபோகலாம் என்றாள் அக்கா. அத்தான் மூன்றாம் நாளே கிளம்பிவிட்டார். அக்காவுக்குப் பள்ளிக்கூடம். தனியாக விட்டால் வழியில் பஸ் இன்ஜினைக் கழற்றிவிடுவார் என்று என்னைத் துணைக்கு அனுப்பினாள். ஐந்து மணி நேரப் பயணம். செருப்புப் பெட்டியில் துளை போட்டு, துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலோடு குஞ்சுகளை வைத்திருந்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார். "என்ன சொல்லப் போறீங்க அத்தான்?" என்று கேட்டேன். "தெரியல." கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு செத்ததைச் சொல்லணுமா?" என்றார். "கேட்டா சொல்லுங்க. கேக்கலைன்னா எதுக்கு?" என்றேன். அவர் மறுபடி துளையில் கண்ணை வைத்துக்கொண்டார்.

கதவைத் திறந்தது அந்த மகன்தான். அத்தானைப் பார்த்ததும் முகம் மாறியது. கதவை மூடவே போய்விட்டார். அதற்குள் செருப்புப் பெட்டிக்குள்ளிருந்து ஐந்தும் சேர்ந்து கத்தின. உள்ளே எங்கேயோ இருந்து ஒரு குரல் வந்தது. "எத்தனை?"

"அஞ்சும்மா" என்றார் அத்தான்.

"உள்ள வரச் சொல்லுடா."

அந்த அம்மா பின்பக்க ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, பெரிய மூக்குக்கண்ணாடி. கால்கட்டைப் பிரித்தாகிவிட்டது. வலது கால் இடது காலைவிடச் சூம்பியிருந்தது. பக்கத்தில் சுவரோரம் ஊன்றி நடக்கும் கம்பிச் சட்டம். அத்தான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா மடியில் துணியை விரித்து ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, இறக்கையை விரித்துப் பார்த்து, காலில் இறகைத் தடவிப் பார்த்தார். ஐந்தையும் பார்த்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"பன்னெண்டுல அஞ்சு. மிச்சம்?"

அத்தான் சொன்னார். "வழியில ரெண்டு உடைஞ்சது. மூணு கூமுட்டை. ஒண்ணு பாதியில நின்னுபோச்சு." நிறுத்தினார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். "ஒண்ணு நான் கொன்னுட்டேம்மா. மூடியைத் திறந்து உரிச்சுட்டேன். திறக்காதீங்கன்னு எழுதியிருந்தீங்க. திறந்துட்டேன்."

மகன் தலையில் அடித்துக்கொண்டார். அந்த அம்மா ஒரு குஞ்சைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"துளை போட்டு எவ்வளவு நேரம் பொறுத்தீங்க?"

"பதிமூணு மணி நேரம்."

"எனக்கு நாலு நிமிஷம்தான் பொறுத்தீங்க."

அத்தான் தன் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"இழு இழுன்னு கத்தினது நான்தான்" என்றார் அந்த அம்மா, மகனைப் பார்த்து. "அதை உன்கிட்ட நான் சொல்லல. யாரும் என்கிட்ட கேக்கவும் இல்ல." பிறகு அத்தானைப் பார்த்து, "ஆனா வலிக்குது. இப்பவும் வலிக்குது. அதையும் சொல்லணும்ல?" என்றார்.

"சொல்லுங்கம்மா" என்றார் அத்தான்.

அந்த அம்மா குஞ்சுகளைப் பெட்டியில் விட்டு என் கையில் கொடுத்தார். பின்பக்கம் காலியாகக் கிடக்கும் கூண்டில் இவற்றுக்கு எந்த மூலை சரிப்படும் என்று பார்க்க வேண்டும் என்றார். எழுந்திருக்க நாற்காலியைப் பிடித்தார். மகன் ஓடிவந்து, "நான் தூக்கறேம்மா" என்றார். "நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, அத்தானிடம் கையை நீட்டினார்.

"கையை மட்டும் குடுங்க. இழுக்காதீங்க. நானா எந்திரிக்கறேன்."

அத்தான் வலது கையை நீட்டினார். அந்த அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழும்பினார். பாதி உயரம் வந்து முடியாமல் தொப்பென்று உட்கார்ந்தார். மறுபடி எழும்பினார், மறுபடி உட்கார்ந்தார். வலியில் அவர் வாய் கோணியது, "அம்மா" என்று முனகினார். அத்தானின் கழுத்து நரம்பு புடைத்தது. வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தால் போதும், அந்த அம்மா நின்றுவிடுவார். எனக்கே கை பரபரத்தது. அத்தானின் கை நீட்டிய இடத்தில் நீட்டியபடியே இருந்தது, ஒரு விரற்கடைகூட இழுக்கவில்லை.

நான்காவது தடவை அந்த அம்மா நின்றார். மூச்சு வாங்கியது. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. அத்தானை அண்ணாந்து பார்த்து, "நின்னுட்டேன், இனி விடுங்க" என்றார்.

அத்தான்தான் விடவில்லை.